வாக்களிக்கப்பட்ட நிலமும் அதன் நிபந்தனைகளும்

பாலஸ்தீனம் பற்றிப் பேச்செடுத்தால் எப்படியும் ஒரு கட்டத்தில் பைபிள் வந்துவிடும். "அந்த நிலத்தைக் கடவுளே யூதர்களுக்குக் கொடுத்தார்" என்பார் ஒருவர். "ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய கதையைக் காட்டி இன்றைக்கு ஒருத்தரை வீட்டைவிட்டுக் கிளப்ப முடியுமா?" என்று கேட்பார் இன்னொருவர். பேச்சு அத்தோடு நின்றுவிடும். இருவருமே ஒரு பெரிய வேத மரபை ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டார்கள். இந்த நிலத்தைப் பற்றி யூத மதத்துக்குள்ளேயே நடந்துவரும் வழக்கு பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் அமைக்க எழுந்த சியோனிச இயக்கத்தைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. நிலம் வாக்களிக்கப்பட்டது என்பதில் அவர்களுக்குள் தகராறு கிடையாது. எப்போது திரும்புவது, யார் சொல்லித் திரும்புவது, எப்படி நடந்துகொண்டால் அங்கே இருக்கலாம் என்பதில்தான் சண்டை.

முதலில் மூலநூலையே பார்ப்போம். ஆதியாகமம் 12-ம் அதிகாரத்தில், கானான் தேசத்துக்கு வந்து சேர்ந்த ஆபிராமிடம் "உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் கொடுப்பேன்" என்கிறார் கடவுள். 15-ம் அதிகாரம் எகிப்தின் நதி முதல் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வரை என்று எல்லையும் சொல்கிறது. 17-ம் அதிகாரத்தில் அது என்றென்றைக்குமான உடைமை ஆகிறது. மேடைகளில் வாசிக்கப்படுவது இந்தப் பகுதிகள்தான்.

ஆதியாகமம் முதலான ஐந்து நூல்களைக் கொண்ட அதே தோராவில் மறுபாதியும் இருக்கிறது. உங்களுக்கு முன் இங்கே இருந்தவர்கள் செய்த அருவருப்புகளை நீங்களும் செய்தால், அவர்களைக் கக்கிய நிலம் உங்களையும் கக்கும் என்கிறது லேவியராகமம் 18. கட்டளைகளை மீறினால் பூமியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிதறடிக்கப்படுவீர்கள் என்கிறது உபாகமம் 28. லேவியராகமம் 25:23 இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: நிலத்தை யாரும் அறுதியாக விற்கக் கூடாது, ஏனென்றால் அது கடவுளுடையது, மக்கள் அவரிடத்தில் வந்து தங்கியிருக்கும் பரதேசிகள். இந்த வேதத்தை நிலப் பட்டாவாக நீட்டுகிறவர்கள், உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடவுள் பெயரும், குத்தகைக்காரர் இடத்தில் மக்கள் பெயரும் இருப்பதைக் கவனிப்பதில்லை.

இந்தச் சங்கடத்தை யூத உரையாசிரியர்கள் மூடி மறைக்கவில்லை. பிரான்சின் த்ருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷி, தோராவுக்கு எழுதிய உரையின் முதல் பத்தியிலேயே இதைத் தொடுகிறார். தோரா சட்ட நூலாயிற்றே, முதல் கட்டளையிலிருந்து தொடங்காமல் உலகப் படைப்பிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? ரப்பி (யூத மதகுரு) ஈசாக்கு என்ற பழைய அறிஞர் சொன்ன பதிலை ராஷி எடுத்துக் கொடுக்கிறார். உலக மக்கள் ஒருநாள் இஸ்ரவேலரைப் பார்த்து "நீங்கள் கொள்ளைக்காரர்கள், ஏழு இனத்தாரின் நிலத்தைப் பறித்துக்கொண்டவர்கள்" என்று சொல்லலாம். அப்போது, உலகம் முழுவதும் கடவுளுடையது, அவரே படைத்தார், தாம் விரும்பியவருக்குக் கொடுத்தார், தம் விருப்பப்படியே அவர்களிடமிருந்து எடுத்து எங்களுக்குத் தந்தார் என்று பதில் சொல்வதற்காகவே நூல் படைப்பிலிருந்து தொடங்குகிறதாம்.

இன்று இஸ்ரேலியக் குடியேற்றக்காரர்கள் மிகவும் விரும்பி எடுத்தாளும் பத்தி இது. இது எழுதப்பட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். ராஷியின் முதுமையில் முதல் சிலுவைப் போர்ப் படைகள் ரைன் நதிக்கரை யூத சமூகங்களைக் கொன்று குவித்துவிட்டு எருசலேமுக்குப் போயின. 1099-ல் நகரைப் பிடித்தார்கள். அந்த நிலத்துக்காக அன்று மோதிக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான். ராஷியின் வரிகளில் அரசோ படையோ இல்லாத சமூகத்தின் ஆறுதல் இருக்கிறது. அதோடு, விருப்பப்பட்டால் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுக்கிற கடவுள், மறுபடியும் எடுக்கவும் கூடும் என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. பண்டிகை நாள் யூதத் தொழுகையிலும் "எங்கள் பாவங்களினால் எங்கள் தேசத்திலிருந்து துரத்தப்பட்டோம்" என்றுதான் வருகிறது. பழி ரோமானியர் மேல் போடப்படவில்லை.

சரி, அந்த நிலம் எதுவரை? இதிலும் ஒரே பதில் இல்லை. ஆதியாகமம் 15 சொல்லும் எல்லை ஒன்று, எண்ணாகமம் 34 சொல்லும் எல்லை வேறு. யோர்தானுக்குக் கிழக்கே இரண்டரைக் கோத்திரங்கள் குடியேறியதாக யோசுவா நூல் சொல்கிறது. 12-ம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். யோசுவா போரிட்டுப் பிடித்ததால் நிலத்துக்கு வந்த புனிதம், பாபிலோனியர் போரிட்டுப் பிடித்தபோது போய்விட்டது. நாடு கடத்தலிலிருந்து எஸ்றா காலத்தில் திரும்பியவர்கள் குடியேறியதால் வந்த புனிதமே நிலைத்தது. படையெடுப்பில் வந்தது படையெடுப்பில் போயிற்று என்று ஒரு யூதச் சட்ட மேதையே எழுதியிருக்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இந்த எல்லை விவகாரம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பெத்செயான் அருகே ரெஹோவ் என்ற இடத்தில் ஒரு பழைய தொழுகைக்கூடத்தின் தரையில் 29 வரி எபிரேயக் கல்வெட்டு கிடைத்தது, சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்து எழுதியது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் செய்யப்பட்டது. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது தோராவின் கட்டளை. அந்த ஆண்டில் பெத்செயானில் எந்தெந்தக் காய்கறிகள் கூடாது என்று வெள்ளரி, தர்பூசணி, புதினா வரைக்கும் அந்தத் தரை பட்டியல் போடுகிறது. எந்தெந்த ஊர் புனித எல்லைக்குள் வரும், எது வராது என்பதையும் ஊர் ஊராகச் சொல்கிறது. ரோமானியருக்குப் பின் பைசாந்தியர் ஆண்ட காலத்தில் ஒரு சிற்றூர் யூதக் குடியானவர்கள், தங்கள் தோட்டம் கட்டளைக்கு உட்பட்டதா என்று தரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எருசலேம் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். யூதர்கள் எல்லோரும் ஒரேயடியாகத் துரத்தப்பட்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது என்ற கதையை நம்புகிறவர்களுக்கு அந்தத் தரையே மறுப்பு. அது காட்டும் இன்னொரு விஷயமும் உண்டு: 'புனித பூமி' என்பது கொடி பறக்கும் எல்லைக்கோடாக அவர்களுக்கு இருக்கவில்லை, எங்கே எந்தக் கடமை பொருந்தும் என்ற கணக்காக இருந்தது.

அந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது. 1880-களில் பாலஸ்தீனத்தில் புதிதாகக் குடியேறிய யூத விவசாயிகளுக்கு 1888-89 ஓய்வாண்டாக வந்தது. ஓராண்டு பயிரிடாவிட்டால் பட்டினிதான். லித்துவேனியாவின் மூத்த ரப்பி ஈசாக் எல்கானான் ஸ்பெக்டர் உள்ளிட்ட சிலர் ஒரு வழி சொன்னார்கள்: அந்த ஆண்டுக்கு நிலத்தை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுங்கள். எருசலேமின் பழைய சமூகத்து ரப்பிகள் பலர் கொதித்தார்கள். கடவுள் கொடுத்த நிலத்தை அந்நியருக்கு விற்பதா? அந்த விற்பனை இன்றும் ஏழாண்டுக்கு ஒருமுறை இஸ்ரேலின் தலைமை ரப்பி அலுவலகம் வழியாக நடக்கிறது. கடைசியாக 2021-22-ல் நடந்தது. இதை ஏற்காத வைதிக யூதக் குடும்பங்கள் அந்த ஆண்டில் பாலஸ்தீன விவசாயிகள் விளைவித்த காய்கறிகளைத் தேடி வாங்குகிறார்கள். நிலத்தின் மேல் உரிமை கோருவதும் அதன் புனிதத்தைக் காப்பதும் எதிரெதிராக இழுக்கும் இடம் இது.

வழக்கின் நடுமையம், பழைய ரப்பிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது. கேதுபோத் பகுதியின் 110, 111-ம் தாள்களில் ஒரு சுவையான தகராறு வரும். பாபிலோனில் இருந்த ரப்பி சேய்ரா என்ற மாணவருக்கு இஸ்ரவேல் தேசம் போக ஆசை. குரு ராவ் யெகூதாவின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிகிறார். ஏனென்றால் பாபிலோனைவிட்டுப் போவதே கட்டளை மீறல் என்பது குருவின் கருத்து. அந்த விவாதத்தில்தான் மூன்று சத்தியங்கள் வருகின்றன. உன்னதப்பாட்டில் "எருசலேமின் குமாரத்திகளே, உங்களை ஆணையிடுகிறேன், காதலைத் தானாக எழும்வரை எழுப்பாதிருங்கள்" என்ற பொருளில் மூன்று முறை வருகிறது. அதற்கு ரப்பிகள் கொடுத்த விளக்கம் இது: இஸ்ரவேலர் ஒரு மதில்போலத் திரண்டு வலுவில் தேசத்துக்கு ஏறிப்போகக் கூடாது, உலக மக்களுக்கு எதிராகக் கலகம் செய்யக் கூடாது, உலக மக்கள் இஸ்ரவேலரை அளவுக்கு மீறி ஒடுக்கக் கூடாது.

காதல் பாட்டின் ஒரு வரி, பிற்காலத்தில் ஓர் அரசே உருவாகலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் சட்டப் பிரச்சினை ஆனது. 1267-ல் எருசலேம் வந்து சேர்ந்த ஸ்பானிய ரப்பி நாக்மானிடிஸ், அந்நிலத்தில் குடியேறுவதும் அதைக் கைவசம் வைத்திருப்பதும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் கட்டளை என்றார். தோராவின் 613 கட்டளைகளைப் பட்டியலிட்ட மைமோனிடிஸ் அதைச் சேர்க்கவே இல்லை, வாழ்ந்ததும் எகிப்தில்தான். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து இரண்டு முகாம்கள் பின்னால் கிளைத்தன.

19-ம் நூற்றாண்டில் ரப்பி ஸ்வி ஹிர்ஷ் கலிஷர் போன்றோர், மீட்பு மேகத்திலிருந்து திடீரென்று இறங்காது, மனிதர்கள் உழுது விதைப்பதில் தொடங்கும் என்று எழுதினார்கள். பெரும்பான்மை ரப்பிகள் அதை ஏற்கவில்லை. 1897-ல் தியோடோர் ஹெர்ட்ஸல் தம் முதல் சியோனிச மாநாட்டை மியூனிக்கில் நடத்தத்தான் திட்டமிட்டார். உள்ளூர் யூதர்களே எதிர்த்தார்கள். யூத அரசு அமைக்கும் முயற்சி மேசியா என்ற மீட்பர் வருவார் என்னும் எங்கள் மத நம்பிக்கைக்கு முரணானது என்று ஜெர்மானிய ரப்பிகள் அறிக்கை விட்டார்கள். மாநாடு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போனது அதனால்தான். அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் 1885-லேயே பிட்ஸ்பர்க்கில், நாங்கள் இனி ஒரு தேசிய இனம் அல்ல, ஒரு மதச் சமூகம், பாலஸ்தீனத்துக்குத் திரும்புவதை எதிர்பார்க்கவில்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். 1937-ல்தான் அந்த நிலையை மாற்றிக்கொண்டார்கள்.

1917-ல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவு தந்த பால்ஃபர் பிரகடனத்தைப் பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள் மிகக் கடுமையாக எதிர்த்தவரை நமக்குத் தெரியும்: இந்திய விவகார அமைச்சர் எட்வின் மாண்டேகு, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகு. அவர் யூதர். யூதர்களைத் திரும்பச் சேர்ப்பதற்குத் தெய்வத் தலைமை வேண்டும் என்றே கேள்விப்பட்டிருக்கிறேன், வெளியுறவு அமைச்சர் பால்ஃபரோ யூதப் பிரமுகர் ரோத்சைல்டோ மேசியா என்று அவர்களைப் போற்றுகிறவர்கள்கூடச் சொல்லிக் கேட்டதில்லை என்று தம் குறிப்பில் எழுதினார். பாலஸ்தீனத்துக்கு யூத வரலாற்றில் பெரிய இடம் உண்டு, முஸ்லிம், கிறிஸ்தவ வரலாறுகளிலும் உண்டு என்றும் நினைவூட்டினார். அவர் சொல் எடுபடவில்லை.

பால்ஃபர் பிரகடனமும், பாலஸ்தீனத்தைப் பிரிட்டனின் பொறுப்பில் விட்ட 1920-ன் சான் ரேமோ மாநாட்டு முடிவும் வந்த பிறகு மதவாதிகளின் கணக்கு மாறியது. உலக நாடுகளே அனுமதி கொடுத்துவிட்டன, இனி இது கலகம் ஆகாது, சத்தியங்களைப் பற்றிய அச்சம் நீங்கியது என்றார் லாத்வியாவின் ரப்பி மேயீர் சிம்கா. மூன்றாவது சத்தியத்தை உலகம்தான் முதலில் மீறியது, ஆகவே மற்ற இரண்டும் செல்லாது என்ற வாதம் ஹிட்லர் காலத்துக்குப் பிறகு பலமானது. 1921-ல் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி) யூதர்களின் முதல் தலைமை ரப்பியான ஆபிரகாம் ஈசாக் கூக் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓய்வுநாளைக்கூட மதிக்காத இடதுசாரி இளைஞர்கள் வயலில் வேலை செய்வதையே, அவர்கள் அறியாமல் செய்யும் இறைப்பணி என்றார்.

எதிர்முனையில் சத்மார் என்ற தீவிர வைதிகக் குழுவின் ரப்பி யோயல் டைட்டல்பாம். ஹங்கேரியிலிருந்து 1944-ல் அவர் உயிரோடு வெளியேறியது, சியோனிச அமைப்பைச் சேர்ந்த கஸ்ட்னர் நாஜிகளிடம் பேரம் பேசி ஏற்பாடு செய்த ரயிலில். அதன் பிறகு நியூயார்க்கில் தம் சமூகத்தை மீண்டும் கட்டியெழுப்பிய அவர், மூன்று சத்தியங்களை மீறிய பாவத்துக்கே ஹிட்லரின் யூதப் படுகொலை தண்டனையாக வந்தது என்று எழுதினார். கேட்கவே மனம் நோகும் வாதம் இது. செத்த குழந்தைகளின் மேல் இப்படி ஒரு கணக்கை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் யூத அரசை யூத வேதத்தைக் கொண்டே மறுக்கும் பெரிய சமூகம் இன்றும் இருக்கிறது என்பதை மறைத்தால் இந்த விவாதமே புரியாது.

இதற்கு நடுவே அரசை அமைத்தவர்கள் பெரும்பாலும் மத நம்பிக்கை இல்லாதவர்கள். "பைபிள்தான் எங்கள் ஆணைப் பத்திரம்" என்று 1937-ல் பிரிட்டிஷ் அரசின் பீல் விசாரணை ஆணையத்திடம் சொன்ன, பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான டேவிட் பென்-குரியன், தோராவின் கட்டளைகளைப் பின்பற்றி வாழ்ந்தவர் அல்ல. 1948 மே 14-ல் வாசிக்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம் இயல்பான, வரலாற்று ரீதியான உரிமையையும் ஐ.நா. தீர்மானத்தையும்தான் அடிப்படையாகக் காட்டியது. கடவுள் பெயர் வேண்டும் என்று மதக் கட்சியும் கூடவே கூடாது என்று இடதுசாரிகளும் பிடிவாதம் பிடிக்க, கடைசியில் 'இஸ்ரவேலின் கன்மலை' என்று போட்டு சமாளித்தார்கள். அவரவர் தமக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

1967 போரில் மேற்குக் கரை கைக்கு வந்ததும் அந்தச் சமாளிப்பு உடைந்தது. கூக்கின் மகன் ஸ்வி யெகூதாவின் மாணவர்கள், பைபிளில் பெயருள்ள ஒவ்வொரு குன்றையும் திருப்பித் தரவே கூடாது என்றார்கள். 1974-ல் குஷ் எமுனிம் இயக்கம் தொடங்கி குடியேற்றங்களைப் பரப்பினார்கள். நாக்மானிடிஸின் பழைய கட்டளை அவர்கள் கையில் அரசியல் திட்டமானது. செபார்டிக் (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி) யூதர்களின் தலைமை ரப்பி ஓவாதியா யோசேப் எதிர்த்தீர்ப்பு சொன்னார்: உயிரைக் காப்பது நிலத்தைவிட மேலானது, நிலத்தைக் கொடுத்தால் போர் தவிரும் என்று படை வல்லுநர்கள் சொன்னால் கொடுக்கலாம். சினாய் எகிப்துக்குத் திரும்பிய காலம் அது. பாலஸ்தீனர்களோடு செய்த 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பின் வன்முறை பெருகியபோது, உண்மையான சமாதானம் இருந்தால்தான் அது பொருந்தும் என்று பின்வாங்கினார். 2005-ல் காசாக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டபோது, இந்த ஆணைக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று படைவீரர்களிடம் சொன்னார் முன்னாள் தலைமை ரப்பி ஆபிரகாம் சபீரா. அதற்குப் பத்தாண்டுக்கு முன்னால், 1995 நவம்பர் 4-ல், நிலத்தை விட்டுக்கொடுத்த பிரதமர் இட்சாக் ராபினைச் சுட்டுக் கொன்ற இளைஞனும் தன் செயலுக்கு மதச் சட்டத்தையே காரணம் காட்டினான்.

கிறிஸ்தவ, இஸ்லாமிய வாதங்கள் நம் வாசகர்களுக்கு ஓரளவு பழக்கமானவை. வாக்குறுதி கிறிஸ்துவுக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் உரியது என்று கலாத்தியர் நிருபம் பேசுகிறது. கடவுள் கொடுத்த வரங்கள் திரும்பப் பெறப்படாது என்று ரோமர் நிருபம் பேசுகிறது. இரண்டும் பவுல் எழுதியவையே. யூதர்கள் எங்கள் ஆண்டவரை ஏற்காததால் யூத மக்களை நாங்கள் ஏற்க முடியாது என்று 1904-ல் ஹெர்ட்ஸலிடம் நேரில் சொன்னார் போப் பத்தாம் பயஸ். 1965-ல் வத்திக்கான் யூதர்கள் பற்றிய போதனையை மாற்றியது. 1993-ல் இஸ்ரேலோடு உடன்படிக்கை செய்தது. அமெரிக்க சுவிசேஷ சபைகள் பலவற்றுக்கோ இஸ்ரேல் கடைசிக் காலத்தின் அடையாளம். அந்த இறையியலைப் பொய்ப் போதனை என்று 2006-ல் எருசலேமின் நான்கு சபைத் தலைவர்கள் மறுத்ததை, நம் ஊர்ச் சபைகளில் இஸ்ரேலுக்காக ஜெபிக்கிறவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

குர்ஆனிலும் 5:21 வசனத்தில், அல்லாஹ் உங்களுக்கு விதித்த புனித பூமியில் நுழையுங்கள் என்று மூஸா நபி தம் மக்களிடம் சொல்கிறார். கீழ்ப்படிந்த தலைமுறைக்குச் சொன்னது அது, நிரந்தர உரிமை அல்ல என்பது பெரும்பான்மை முஸ்லிம் அறிஞர்களின் விளக்கம். பூமியை என் நல்லடியார்களே வாரிசாகப் பெறுவர் என்ற 21:105 வசனத்தையும் காட்டுவார்கள். ஹமாஸ் தன் 1988 சாசனத்தில் பாலஸ்தீனம் முழுவதையும் தீர்ப்பு நாள்வரை மாற்ற முடியாத வக்ஃபு நிலம் என்று அறிவித்தது. நிபந்தனையைக் கழற்றிவிட்டு உரிமையை மட்டும் நித்தியமாக்கும் வேலை இரண்டு பக்கமும் நடக்கிறது.

ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய ரப்பிகளின் விளக்க நூலில் ஒரு பத்தி உண்டு. மூன்று இடங்களைப் பற்றி மட்டும் "திருடிவிட்டீர்கள்" என்று உலகத்தார் யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவை காசு கொடுத்து வாங்கியவை என்கிறது அது. யோசேப்பின் கல்லறை, யாக்கோபு ஏமோரின் மக்களிடம் வாங்கிய நிலம். ஆலயம் எழுந்த இடம், எபூசியன் அர்வனாவிடம் தாவீது வாங்கிய களம். அப்புறம் எபிரோனில் மக்பேலா குகை. எல்லாம் உனக்கே என்று வாக்குறுதி பெற்ற ஆபிரகாம், மனைவியைப் புதைக்க இடம் தேடி அந்த ஊர் மக்கள் முன் குனிந்து வணங்குகிறார். நான் உங்களிடத்தில் அந்நியன், பரதேசி என்கிறார். சும்மா தருகிறேன் என்று எப்பெரோன் சொல்லியும் ஏற்காமல், நானூறு சேக்கல் வெள்ளியை எல்லோரும் பார்க்க நிறுத்துக் கொடுக்கிறார்.

இன்று மோதல் மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் இந்த மூன்றும் அடக்கம். நாப்லுஸில் யோசேப்பின் கல்லறைக்கு யூதர்கள் படைப் பாதுகாப்போடுதான் போகிறார்கள். எருசலேம் ஆலய மலைக்குள் யூதர்கள் நுழையவே கூடாது என்று தலைமை ரப்பி அலுவலகம் வாசலில் பலகை வைத்திருக்க, அதை மீறிப் போகும் யூதர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. முஸ்லிம்களுக்கு அது அல்-அக்ஸா. எபிரோனில், 1994 பிப்ரவரி 25 அன்று ரமலான் தொழுகையில் இருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேற்றக்காரர் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு குகைக்கு மேலுள்ள கட்டடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டில் பத்து நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, வேறு பத்து நாள் முஸ்லிம்களுக்கு. மற்ற நாட்களில் இரு தரப்பும் அவரவர் பக்கத்து வாசலில் இஸ்ரேலியப் படையின் சோதனையைத் தாண்டித்தான் ஆபிரகாமிடம் போக முடியும்.